படுவான்கரைப் பம்ப் எழுவான்கரைக்குச் சரிவருமா?

கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று தொடங்கிவிட்டது. வளவில் நட்ட கத்தரியும் கொச்சிக்காயும் பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டுவிடுகின்றன. இந்த நேரத்தில் எங்கள் பக்கத்தில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: தண்ணீர் இறைக்க என்ன வாங்கலாம்? களுவாஞ்சிகுடியில் என் வீட்டுக் கிணற்றில் பூவாளி, அரைக் குதிரைவலுக் கரண்ட் மோட்டர், இரண்டு இஞ்சி பெற்றோல் பம்ப், சொட்டுநீர்க் குழாய் நாலையும் போட்டுப் பார்த்தாயிற்று, அதனால் கொஞ்சம் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

பெற்றோல் பம்ப்பில் தொடங்குகிறேன், அதில்தான் அடிபட்டேன். நாங்கள் இருப்பது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில்; மச்சானுக்கு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளியில் தோட்டம். களிமண் சேர்ந்த நிலம், பெரிய துரவு (அகலக் கிணறு), அரை ஏக்கர் சோளம். அங்கே இந்தப் பம்ப் ராசாதான். வாய்க்காலில் தண்ணீரை விட்டுவிட்டு வேலியடியில் இருந்து வெற்றிலை போடலாம், தண்ணீர் தானாகக் கடைசிப் பாத்தி வரை போய்விடும். “கொண்டு போ மச்சான், பத்து நிமிசத்தில முடிச்சிடலாம், மறுகா தா” என்று தந்தார்.

பத்து நிமிடம் தேவைப்படவில்லை. என்னுடையது மூன்றடி அகலக் கொங்கிரீட் வளையம் இறக்கிய கிணறு, அன்றைக்கு நாலடித் தண்ணீர் நின்றது. கணக்குப் போட்டால் மொத்தமே ஏறக்குறைய 800 லீற்றர். இந்த அளவுப் பம்ப் நிமிடத்துக்கு 500 லீற்றர் இறைக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். வளவில் அதில் பாதி வந்தால்கூட மூன்று நிமிடக் கதை. ஊற்று வந்துகொண்டே இருந்தும் ஐந்தாவது நிமிடம் பம்ப் காற்றை உறிஞ்சிக் கத்தியது, குழாய் வாயில் வெள்ளை மணல் கொட்டியது. அடிமணல் அப்படிப் போய்க்கொண்டே இருந்தால் வளையம் சரியும். சரி, இறைத்த தண்ணீராவது பயிருக்குப் போனதா என்றால், முதல் பாத்தி தாண்டவில்லை. மணல் அப்படியே குடித்துவிட்டது.

அதைவிடப் பெரிய விசயம் உப்பு. காத்தான்குடி, ஆரையம்பதியில் இருந்து கல்லாறு வரைக்கும் நாங்கள் இருப்பது ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணல் திட்டி. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைவு, அதனால் மேலே நிற்கிறது. மேலே ஒரு அடி வேகமாக இறங்கினால் கீழே இருக்கிற உப்பு பல அடி மேலெழும்பும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்ததில் உப்பு குறையாமல் கூடின கிணறுகளும் உண்டு. என் கிணற்றுத் தண்ணீர் அந்த ஒரு நாள் கூத்துக்குப் பிறகு கரிக்கத் தொடங்கி, சவர்க்காரம் நுரைக்காமல், கத்தரி இலையின் ஓரம் கருகி, பழையபடி வர மாரி வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பம்ப்பில் பிழையில்லை, கரைதான் மாறிவிட்டது.

அம்மம்மா காலத்தில் இதே மணலில் பூவல் தோண்டித்தான் தோட்டம் செய்தார்கள். ஆள் உயரம்கூட இராத குழி, இரண்டு கையிலும் இரண்டு பூவாளி. உப்பு என்று ஒருவரும் முறையிட்டதாகக் கேட்டதில்லை, ஏனென்றால் கையால் மொள்ளுகிறவர் மேல் தண்ணீரை மட்டும்தான் எடுக்கிறார். பூவாளியின் பலம் அது. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லை, பெற்றோலைக் கியூஆர் அட்டைக்கு அளந்துதான் தந்தார்கள், அப்போதும் வளவில் கீரை நின்றது பூவாளியால்தான். பலவீனம் முதுகு. நாற்பது செடிக்கு ஒரு நேரம் இரண்டு லீற்றர் என்றால் 80 லீற்றர், பத்து லீற்றர்ப் பூவாளியில் எட்டு நடை, காலையும் மாலையும் பதினாறு. கிணற்றிலிருந்து அள்ளுகிற வேலை தனி. நாற்பது வயதுக்கு மேல் இதைக் கிழமைக் கணக்கில் செய்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

சொட்டுநீரைப் பற்றிய கதையை அதிகம் இழுக்கவில்லை. மணலில் சொட்டு விழுந்தால் பக்கத்துக்குப் பரவாமல் நேரே கீழே போகும், அதனால் துவாரம் நெருக்கமாக வேண்டும், செலவு கூடும். எங்கள் தண்ணீரில் துவாரம் வேறு அடைத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து மிளகாய்ச் செடியை வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்வருகிறவருக்கு நல்லது, எனக்குப் பொறுமையில்லை.

மிஞ்சுவது சின்னக் கரண்ட் மோட்டர். நிமிடத்துக்கு 30 லீற்றர் அளவில் இழுக்கும், ஊற்று அதற்கு ஈடுகொடுக்கும். ஆனால் நேரே ஓஸ் பைப் பிடித்து அடிக்காதீர்கள். விரலை வைத்து அழுத்தினால் மணல் குழிந்து வேர் வெளியே வரும், கை ஓய்கிற வரைக்கும் ஊற்றிக்கொண்டும் இருப்போம். நான் செய்வது 200 லீற்றர்ப் பரலை (பீப்பாயை) வளவின் நடுவில் வைத்து, ஏழு நிமிடம் மோட்டரைப் போட்டு நிரப்பி, அதில் பூவாளியை அமிழ்த்தி ஊற்றுவது. தூக்குகிற தூரம் நாலடி, செலவு மாதம் ஒரு சில யுனிட் கரண்ட்தான். ஏற்கெனவே 60 யுனிட் விளிம்பில் நிற்கிற வீடு என்றால் மட்டும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள், தாண்டினால் யுனிட் விலையே ஏறிவிடும். பரலுக்கு வலைத்துணி கட்டாயம், இல்லாவிட்டால் ஒரு கிழமையில் நுளம்புப் பண்ணைதான்.

மோட்டருக்கும் குணம் உண்டு. உள்ளே சுற்றுகிற பித்தளைச் சில்லுக்கும் கூட்டுக்கும் நடுவில் மயிரிடை இடைவெளிதான், ஒரு கைப்பிடி மணல் போனாலே தேய்ந்துவிடும். புட்வால்வை, அதாவது உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கிற வால்வை, கிணற்று அடியில் முட்ட விடாமல் ஓரடி உயர்த்திக் கட்டுங்கள், அதன் மேல் பழைய நுளம்பு வலையைச் சுற்றுங்கள். மோட்டருக்குள் முதலில் தண்ணீர் நிரப்பாமல் ஓடவிட்டால் சீல் எரிந்துவிடும்.

மாரி முடிந்து தை, மாசியில் முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் “ம்ம்ம்” என்று உறுமிவிட்டுச் சுற்றாமல் நிற்கும். பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், நான் ஒருமுறை ஓடி, மோட்டர் எரிந்துவிட்டது என்று புதியதை வாங்கிக்கொண்டு வந்தவன். ப்ளக்கைக் கழற்றுங்கள், பின்பக்கம் மூடியைத் திறந்து விசிறித் தண்டை ஸ்க்ரூட்ரைவரால் மெல்ல இரண்டு பக்கமும் அசைத்துக் கொடுங்கள். துருப்பிடித்த சில்லு ‘டிக்’ என்று விடும். எரிந்துவிட்டதாகச் சொன்ன அந்தப் பழைய மோட்டர் இப்போது மச்சான் வீட்டில் குடிதண்ணீர்த் தாங்கி நிரப்புகிறது.