மூன்று வருட ஸ்மார்ட் ஸ்பீக்கர்: ரீசெட் பட்டனில் கை வைப்பதற்கு முன்

எங்கள் வீட்டு ஸ்மார்ட் ஸ்பீக்கருக்கு மூன்று வயது ஆகிவிட்டது. இதுவரை மூன்று முறை ரீசெட் செய்திருக்கிறேன். அதில் இரண்டு தேவையே இல்லாதவை.

அப்பாவுக்குக் கண் பார்வை மங்கல். மாத்திரை நேரத்தை அவருக்குச் சொல்வது இந்த ஸ்பீக்கர்தான். ரவுட்டர் மாற்றிய அன்று "இணைய இணைப்பு இல்லை" என்று அது சொன்னதும், பதற்றத்தில் ரீசெட் செய்துவிட்டேன். ஆப்பில் புது வைஃபையைத் தேர்ந்தெடுத்திருந்தாலே போதும். ரீசெட்டில் அலாரம், நினைவூட்டல் எல்லாம் அழிந்துபோயின. இரவு எட்டு மணிக்கு அது கூப்பிடும் என்று அப்பா ஸ்பீக்கர் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாவது முறை இன்னும் குழப்பம். பாஸ்வேர்டு சரி, சிக்னலும் முழுசாக இருந்தது, ஆனால் சேரவில்லை. ரீசெட் செய்தும் அதே கதை. கடைசியில் பார்த்தால், ரவுட்டரில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தேன். பழைய கருவிகள் பலவற்றுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றியதும் உடனே சேர்ந்துகொண்டது. என்னுடையது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும் மாடல். அதனால் ரவுட்டரில் அந்த அலைவரிசை அணைந்திருக்கிறதா என்பதையும் இப்போது முதலிலேயே பார்த்துவிடுகிறேன்.

மூன்றாவதுதான் நியாயமான ரீசெட். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு விளக்கு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது, பிளக்கைப் பிடுங்கிச் செருகியும் நிற்கவில்லை. என் மாடலில் பட்டனை 25 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதியில் வளையம் நிறம் மாறும், முடிந்தது என்று நினைத்து விரலை எடுத்துவிடக் கூடாது. வளையம் முழுசாக அணைந்து மறுபடி எரியும்வரை காத்திருங்கள். அப்புறம் ஃபோனில் புளூடூத், லொகேஷன் இரண்டையும் போட்டு, விபிஎன் (இணைய இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி) இருந்தால் நிறுத்திவிட்டு ஆப்பைத் திறங்கள். லொகேஷன் அனுமதி இல்லாததால் ஸ்பீக்கர் கண்ணெதிரே இருந்தும் ஆப் அரை மணி நேரம் தேடிக்கொண்டிருந்தது.

சமீபத்தில் மறுபடி ரவுட்டர் மாறியது. இந்த முறை பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் புதியதிலும் வைத்தேன். ஸ்பீக்கரைத் தொடவே இல்லை, இரண்டு நிமிடத்தில் தானாக இணைந்துவிட்டது. நினைவூட்டல் நேரங்களை ஒரு தாளில் எழுதி ஸ்பீக்கருக்கு அடியில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

ஒலி இன்றும் தெளிவாக இருக்கிறது. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் கேட்கிறது. இதை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் மட்டும் கட்டாயம் ரீசெட் செய்வேன். அதற்கு முன் ஆப்பில் என் கணக்கிலிருந்து நீக்கிவிடுவேன். இல்லையென்றால் வாங்குபவரால் சில கருவிகளைத் தன் கணக்கில் சேர்க்கவே முடியாது.