ஃபியூஸ் போன பல்பா, முட்டை அட்டையா? தொங்கு விளக்கு செய்ய எது தேவலாம்

ரெண்டையும் செஞ்சு மாட்டிப் பாத்தாச்சு, இப்ப ஹால்ல தொங்குறது முட்டை அட்டை விளக்குதான், அதனால என் ஓட்டு எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடுறேன்.

அழகுன்னு மட்டும் பாத்தா கண்ணாடிதான். குண்டு பல்போட மூடியைக் கழட்டி உள்ள இருக்கற இழை, தண்டு எல்லாத்தையும் எடுத்துட்டு, கொத்தா கட்டித் தொங்கவிட்டு நடுவுல ஒரு எல்இடி போட்டா சுவர் பூரா வளைவு வளைவா வெளிச்சம் விழும், அட்டையில அது வராது. சிஎஃப்எல், டியூப்லைட் மட்டும் தொடாதீங்க, உள்ள பாதரசம் இருக்கு, உடைக்கவே கூடாது.

ஆனா பராமரிப்புன்னு ஒண்ணு இருக்குல்ல, கண்ணாடி தோத்தது அங்கதான். ஃபேன் ஓடுற வீட்ல தூசி படியாம இருக்காது, விளக்கைப் போட்டதும் கண்ணாடியில அது பளிச்சுனு தெரியும், ஒவ்வொரு பல்பையும் தனித்தனியா பிடிச்சுத் துடைக்கணும், பல்பு கண்ணாடியோ ரொம்ப மெல்லிசு, கழுத்துப் பக்கம் கொஞ்சம் அழுத்தினாலே விரிசல். சரி வேற மாட்டிக்கலாம்னா குண்டு பல்பு இப்ப எந்த வீட்ல இருக்கு? 2015ல அரசாங்கம் மலிவா எல்இடி பல்பு குடுக்கற உஜாலா திட்டம் வந்து எல்இடி பரவினதுல இருந்து ஃபியூஸ் ஆகி வர்றது முக்கால்வாசி பிளாஸ்டிக் மண்டை பல்புதான். பழைய இரும்புக் கடையில தேடினாலும் அதே சைஸ் சிக்காது.

முட்டை அட்டையில இந்த வம்பே இல்ல. 30 குழியையும் தனித்தனியா வெட்டி, ஓரத்தை நாலு இதழா நறுக்கி, பழைய அட்டைப்பெட்டியில செஞ்ச கூட்டுமேல கீழிருந்து மேலா மீன் செதில் மாதிரி ஒட்டிக்கிட்டே போகணும். அட்டை தடிமன், வெளிச்சம் அதுக்குள்ள பெருசா புகாது, இதழ் இடுக்கு வழியாத்தான் கசியும், எனக்குப் பிடிச்சதே அதான். தூசிக்கு பெயிண்ட் பிரஷ் போதும். ஒரு இதழ் நைஞ்சு போச்சா, பிச்சுட்டு வேற ஒட்டு, முட்டைக் கடையில சும்மாவே குடுப்பாங்க (முட்டை ஒழுகின அட்டை மட்டும் வேண்டாம், நாத்தம் போகவே போகாது). காகித விளக்குன்னா மட்டம்னு நினைக்கறவங்க, சிற்பி இசாமு நொகுச்சி 1951ல ஜப்பான்ல கிஃபுங்கற ஊர்ல ஆரம்பிச்ச அகாரி விளக்குகளைப் பாருங்க, மூங்கிலும் காகிதமும்தான், சிற்பம்னுதான் அவர் அதைச் சொன்னார்.

உள்ள 9 வாட்ஸ் எல்இடிக்கு மேல போகாதீங்க, சூடு வெளியேற மேல் பக்கம் திறந்தே இருக்கட்டும், குண்டு பல்பு கூடவே கூடாது, அது இழுக்கற கரண்ட்ல பெரும்பகுதி சூடாத்தான் போகுது. தெர்மாகோலும் வேண்டாம், சீக்கிரம் பத்திக்கும். மைதா பசைன்னா கரப்பான் வரும், நான் ஃபெவிகால்தான் போட்டேன்.

எங்க ஊரு காஞ்ச ஊரு, கடலோர ஈரத்துல அட்டை எவ்வளவு நாள் தாங்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். அடுப்படிக்குன்னா கண்ணாடியே செய்ங்க, எண்ணெய்ப் பிசுக்கு அட்டையில ஏறிட்டா கழுவ வழியே இல்ல.