வெள்ளவத்தையில் ஆறு சனிக்கிழமை: சீனத் தத்துவ வகுப்புக்குப் போகலாமா?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி அறையொன்றில் நடந்த வகுப்பு. பின்னேரம் நாலு மணி, கட்டணம் 3,000 ரூபா. முப்பது வருசம் கணக்குப் புத்தகத்தோடு கிடந்தவன் நான். திருக்குறளைத் தாண்டித் தத்துவப் பக்கம் போனதில்லை.

முதல் இரண்டு கிழமையும் கொன்பியூசியஸ். கி.மு. 551இல் பிறந்தது முதல் 479இல் இறந்தது வரை மாஸ்டர் போட்டோக்கொப்பியைப் பார்த்து வாசித்தார். எனக்கு நித்திரைதான் வந்தது. மனித இயல்பு நல்லது என்ற மென்சியஸ் கொஞ்சம் வந்தார். அது கெட்டது என்ற சுன்சிக்கு ஒரே ஒரு வரி. கடுஞ்சட்டத்தால்தான் நாட்டை ஆளவேண்டும் என்ற 'சட்டவாதிகள்' ஹன் ஃபெய்யும் லி சியும் அவரிடம் படித்தவர்கள் என்கிறார்கள். அந்தக் கண்ணியை விட்டால், சட்டவாதிகள் வரும் ஐந்தாம் கிழமை அந்தரத்தில் அல்லவா நிற்கும்?

மூன்றாம் கிழமைதான் வகுப்பு உயிர்த்தது. எல்லாரிலும் ஒரே அளவு அன்பு வை, அடுத்தவன் நாட்டில் படையெடுக்காதே என்ற மோசி. சூ நாடு சொங் நாட்டைத் தாக்கப்போகிறது, மதிலேற ஏணிகள் தயார் என்று கேள்விப்பட்டு, பத்துப் பகல் பத்து இரவு நடந்தே போனாராம். அங்கே இடுப்புப் பட்டியைக் கழற்றி மதிலாக வைத்து, ஏணி செய்த பொறியாளரின் ஒன்பது தாக்குதலையும் முறியடித்துக் காட்டினார். மாஸ்டர் தன் பெல்ட்டையே கழற்றி மேசையில் வைத்து, சோக்கட்டிகளை ஏணியாக நகர்த்தினார். போர் நின்றது. திரும்பும் வழியில் மழை. தான் காப்பாற்றிய சொங் நாட்டிலேயே காவலாளி அவரை ஒதுங்க விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் அன்று நனைந்துதான் வந்திருந்தோம். நாலு அடிக்காமல் கீழே கேற் திறக்கமாட்டார்கள்.

நாலாம் கிழமை, 'வெள்ளைக் குதிரை குதிரை அல்ல' என்று வாதாடிய கொங்சுன் லொங். வெள்ளை என்பது நிறத்தின் பெயர், குதிரை என்பது உருவத்தின் பெயர், இரண்டும் ஒன்றாகுமா என்கிறார். பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் விடாமல் மல்லுக்கட்டினான். இருளும் ஒளியும் போன்ற எதிரிணைகளைப் பேசும் யின்-யாங்குக்குப் பத்தே நிமிடம்.

ஐந்தாவது, சட்டவாதிகள். சின் நாட்டுக்குக் கடுஞ்சட்டம் போட்ட ஷாங் யாங், அரசன் மாறியதும் தப்பியோடி, எல்லையில் ஒரு சத்திரத்தில் இடம் கேட்கிறார். அடையாளம் காட்டாதவரைத் தங்கவைத்தால் தனக்குத்தான் தண்டனை, ஷாங் பிரபுவின் சட்டம் அது என்று சத்திரக்காரன் மறுத்துவிடுகிறான். கி.மு. 338இல் ஆள் கொல்லப்பட்டார். அறையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போர்க்காலத்தில் கொழும்பில் பொலிஸ் பதிவுத் துண்டோடு லொட்ஜ் லொட்ஜாக அலைந்தவர்கள் எங்களில் பாதிப் பேர். பக்கத்திலிருந்த ஐயா மெல்லக் கேட்டார்: "தம்பி, அந்தச் சத்திரம் வெள்ளவத்தையிலேயோ?"

கடைசிக் கிழமை, இயற்கையின் போக்கோடு போ என்ற தாவோவாதம். நேரம் போதாமல், வண்ணத்துப்பூச்சியாகக் கனவு கண்டது நானா, நானாகக் கனவு காண்பது வண்ணத்துப்பூச்சியா என்று கேட்ட சுவாங்சியின் கனவோடு அவசரமாக முடித்துவிட்டார்கள்.

அடுத்த தொகுதிக்குப் போகிறவர்கள் மூன்றாம், ஐந்தாம் கிழமைகளைத் தவறவிடாதீர்கள். குடை கொண்டுபோங்கள்.