வலது காலும் வெல்லமும்: பத்து வருட அனுபவம்

நாய் வளர்க்கலாமா என்று போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான். அவனும் என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன், துணைக்கு ஆகுமே என்று நினைப்பு. ராஜபாளையமா சிப்பிப்பாறையா என்பது வரை போய்விட்டான். இரண்டும் வேட்டைக்கு ஓடிப் பழகிய சாதி. கடலூர் மஞ்சக்குப்பத்து மாடிப் போர்ஷனில் அடைத்தால் பாவம். என்னுடையது தெரு நாய். அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

2015 டிசம்பரில் கடலூரில் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் மாடிப்படியில் ஒண்டியிருந்த குட்டி. முதலில் வெள்ளம் என்றுதான் கூப்பிட்டோம். நிறத்தைப் பார்த்த கீழ்வீட்டு அக்கா, "அதை ஏன் ஞாபகப்படுத்துறீங்க, வெல்லம்னு கூப்பிடுங்க" என்றார். அதற்கு இரண்டும் ஒன்றுதான், எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பாது.

என் புகார் ஒன்றே ஒன்று. நான் எழுத உட்கார்ந்ததும் மேசைக்கடியில் வந்து தாடையை என் வலது பாதத்தின் மேல் வைத்துக்கொள்ளும். இடது பாதம் ஆகாது. முதல் பத்து நிமிடம் இதமாக இருக்கும். அப்புறம் மரத்துப்போய், சுண்டுவிரல் இருக்கிறதா என்றே தெரியாது. எச்சில் வேறு. மெல்லக் காலை உருவினால் ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திவிட்ட மாதிரி! திரும்ப வைத்துவிடுவேன். குக்கர் விசில் எண்ணிக்கையைத் தாண்டிக் கத்தும், போன் எட்டாத தூரத்தில் சார்ஜில் கிடக்கும். எழுந்திருக்க முடியாதே, எழுதுவேன். ஒரு நாவலில் பாதி அப்படி வந்ததுதான். அதற்காக இதை வரவில் வைக்கமாட்டேன். மரத்துப்போவது என் கால்.

சரி, நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த இரவு, கரண்ட் இல்லாத இருட்டில் அந்தத் தாடையின் கனம்தான் எனக்குத் தைரியம்.

போன மாதம் வெல்லத்துக்கு உண்ணிக் காய்ச்சல். மூக்கில் ரத்தம் கசிந்தது, பிளேட்லெட் இறங்கியிருந்தது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். பால், தயிரோடு கொடுக்காதீர்கள், அதிலுள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். பத்து வருடமாக எல்லா மாத்திரையையும் தயிர்சாதத்தில்தான் புதைத்திருக்கிறேன்! இட்லிக்குள் வைத்தேன். இட்லியை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் நக்கித் துடைத்துத் தரையில் வைத்தது. கடைசியில் கோழி ஈரலிடம்தான் தோற்றது. நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது, உண்ணி சுவர் இடுக்கில் குடியிருக்கும் என்றும் சொன்னார். வீடு முழுக்கப் பூச்சி மருந்து அடித்து, இடுக்கெல்லாம் சிமென்ட் பூசி, என் ஒரு மாதத்துச் சம்பாத்தியம் போனது.

அந்த நாட்களில் அது வாசற்படியிலேயே கிடந்தது. என் கால் பதினோரு நாள் விடுதலை. தாராளமாக எழுந்து நடந்தேன், அடிக்கடி காபி போட்டேன். எழுதியது ஒன்றரைப் பக்கம்.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: வேண்டாம்டா. காசும் போகும், காலும் போகும். இதை நேற்றே அவனுக்கு அனுப்பியிருக்க வேண்டும். முந்தாநாளிலிருந்து திரும்பவும் மேசைக்கடிக்கு வந்துவிட்டது. போன் சார்ஜில் கிடக்கிறது.