கரண்ட்டா, கத்தியா?

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகும்போது, மடியில் ஸ்கேன் கவரோடு, காது நரம்பில் கட்டி வந்திருக்கும் சித்தி கேட்டது ஒன்றுதான்: "கரண்ட் வெச்சா திரும்ப வளருமாடா?"

கரண்ட் என்று சித்தி சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. வளரலாம், ஆனால் வாய்ப்பு குறைவு. காது நரம்புக் கட்டி புற்றுநோய் அல்ல. 12–13 கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிரை ஒரே அமர்வில் பாய்ச்சினால், பத்து ஆண்டு கழித்தும் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்குக் கட்டி அடங்கியே இருக்கிறது. அடங்கும், மறையாது. குழப்பம் எங்கே என்றால், முதல் ஒன்றிரண்டு ஆண்டில் கட்டி வீங்கிப் பெரிதாகத் தெரியலாம். பெரும்பாலும் தானே வற்றும். அதைத் தோல்வி என்று எண்ணி ஆபரேஷனுக்கு ஓடக்கூடாது. நிஜமாகவே தோற்றால்தான் சிக்கல்: கதிர் பட்ட கட்டி முகநரம்போடு ஒட்டிக்கொள்ளலாம், பிரித்தெடுப்பது கஷ்டம்.

ஆபரேஷனில் கட்டியையே எடுத்துவிடலாம். மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டிக்கு அதுதான் வழி. ஆனால் மண்டையோட்டைத் திறக்கணும், முகம் கோணும் அபாயமும் கூடுதல். நரம்பைக் காப்பாற்ற மிச்சம் விட்டால் அதுவும் வளரலாம். காது கேட்பதற்கு இரண்டிலும் உத்தரவாதம் இல்லை.

சித்திக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான். என் ஓட்டு கரண்ட்டுக்கு. சித்தப்பா மட்டும் இன்னும் "எடுத்துப் போட்டுடுங்க" கட்சி.