சென்னை மருத்துவக் கல்லூரி: படித்தவள் எழுதும் விமர்சனம்

எம்.எம்.சி.யைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் 1835இல் ஆரம்பிப்பார்கள். நான் 1664இல் ஆரம்பிக்கிறேன். அந்த வருடம்தான் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், காய்ச்சலில் விழுந்த கம்பெனி சிப்பாய்களுக்காகச் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அது இடம் மாறி மாறி, 1772இல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. எதிரே இருக்கிற சென்ட்ரல் ஸ்டேஷனே அப்போது கிடையாது. கவர்னர் பிரெடரிக் ஆடம் காலத்தில், 1835 பிப்ரவரி 2ஆம் தேதி, அந்த ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு மெடிக்கல் ஸ்கூல் தொடங்கினார்கள். 1850இல்தான் அதற்குக் கல்லூரி என்று பெயர். ஆக, ஜி.எச். என்று நாங்கள் சொல்லும் அந்த அரசு பொது மருத்துவமனைக்கு 170 வயது ஆன பிறகு பிறந்த பிள்ளை எம்.எம்.சி.

நான் தொண்ணூறுகளில் அங்கே எம்.பி.பி.எஸ். படித்தவள். இப்போது தென்காசிப் பக்கம் பிராக்டீஸ். அக்கா மகளுக்கு நீட் மார்க் வந்த நாளிலிருந்து, “சித்தி, எம்.எம்.சி. நல்லாருக்குமா?” என்று ஒரே கேள்வி. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே ஆஸ்பத்திரி மூத்தது, காலேஜ் இளையது. படிப்பும் இன்றுவரை அந்த வரிசையில்தான் நடக்கிறது. இது பிடித்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. பிடிக்காவிட்டால் ரேங்க் இருக்கிறதே என்று போய்ச் சேர வேண்டாம்.

பெருமை பேசுகிறவர்கள் முதலில் காட்டுவது ‘ரெட் ஃபோர்ட்’டை. சிவப்புச் செங்கல்லில், கோட்டை மாதிரி நிற்கிற பழைய அனாடமி கட்டடம். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். சென்ட்ரல் ஜெயில் 2006இல் புழலுக்குப் போன பிறகு, அந்த இடத்தில் கல்லூரிக்குப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு வகுப்பெல்லாம் ஜெயில் இருந்த மண்ணில்தான். இதைச் சொல்லிச் சிரிக்காத பேட்ச் கிடையாது. ‘இந்தியாவிலேயே முதல்’ என்கிற பேச்சை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அதே 1835இல் ஐந்து நாள் முந்திக்கொண்டது. புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால் 1823 என்பார்கள்.

பழம்பெருமையில் எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிய வைப்பது வேறு. 1875இல் நான்கு பெண்களை இங்கே மருத்துவம் படிக்கச் சேர்த்துக்கொண்டார்கள். லண்டன் பல்கலைக்கழகமே பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது 1878இல்தான். அந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். மேல்படிப்புக்கு லண்டன் போய்த் திரும்பி வந்து, ஆண் டாக்டர் முன்னால் வர முடியாத பெண்களுக்காக 1885இல் அவர் தொடங்கியதுதான் கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா. 1912இல் புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி ரெட்டி பட்டம் வாங்கினார். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் அவர் போட்ட விதை. ஹாஸ்டலில் இருந்த காலத்தில் இதெல்லாம் எனக்கு வெறும் பொது அறிவு. ஊரில் தனியாக கிளினிக் போட்டு, “லேடி டாக்டர்னா பிரசவம் மட்டுந்தானே பாப்பீங்க?” என்ற கேள்வியை வாங்கின பிறகுதான் அந்த 1875இன் கனம் தெரிந்தது.

சரி, படிப்புக்கு வருவோம்.

முதல் வருடம் எந்த மெடிக்கல் காலேஜிலும் ஒன்றுதான். டிசெக்‌ஷன் ஹால், ஃபார்மலின் நெடி, கண் எரிச்சல், எலும்புப் பெட்டி. எம்.எம்.சி. தன் முகத்தைக் காட்டுவது வார்டு போஸ்டிங்கில். மெடிசின் வார்டில் ஒரு அம்மா இருந்தார். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. மைட்ரல் ஸ்டெனோசிஸ். அப்போது இதயத்திலிருந்து வருகிற முணுமுணுப்புச் சத்தம் சுலபத்தில் காதில் விழாது. நோயாளியை இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து, ஸ்டெத்தின் பெல் பக்கத்தை, அதாவது கிண்ணம் மாதிரி இருக்கிற பக்கத்தை, லேசாக வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் ஸ்டெத்தை எடுப்பதற்குள் அந்த அம்மா தானாகவே இடது பக்கம் திரும்பி, மூச்சை விட்டு நிறுத்திக்கொண்டார். நான் தடுமாறுவதைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் கீழ வைம்மா, அங்கதான் எல்லாரும் கேப்பாங்க” என்றார். வைத்தேன். கேட்டது. எத்தனை பேட்ச் மாணவர்களுக்கு அவர் வாத்தியாராக இருந்தாரோ. எங்கள் யூனிட் சீஃப் அதற்கப்புறம் கேஸைப் பற்றிக் கேட்கவில்லை. “அந்தம்மா பேர் என்ன? ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறாங்க?” என்றார். பேர் எனக்குத் தெரிந்திருந்தது. தலையணைக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். இதயம் சரியாக இயங்காதவர்களுக்கு மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும். எத்தனை தலையணை என்பது பாதி டயக்னோசிஸ்.

இந்த மாதிரிப் பாடம் கிடைக்க வேண்டுமானால் நோயாளிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஜி.எச்.சுக்கு அந்தக் குறையே கிடையாது. ரயிலை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டினால் ஓ.பி. புத்தகத்தில் ‘அரிது’ என்று போட்டிருப்பது இங்கே பக்கத்துக் கட்டிலில் கிடக்கும். அத்தோடு விடுவதில்லை. பிரசவத்துக்கு எழும்பூர், குழந்தைகளுக்கும் எழும்பூர், கண்ணுக்கு 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு சரித்திரம். படிப்பு முடிந்து பயிற்சி டாக்டராக இருக்கிற ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் இந்தச் சரித்திரங்களுக்கு நடுவே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்வருவோம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மார்க் கூட்டத்துக்குக் கழிகிறது. வருடத்துக்கு 250 பேர் சேர்கிறார்கள். அப்புறம் மேல்படிப்புக்கு வந்த பி.ஜி. மாணவர்கள், சூப்பர் ஸ்பெஷாலிட்டி மாணவர்கள். கட்டிலைச் சுற்றி நிற்கும்போது முன்வரிசையைத் தேடிப் பிடிக்கிறவருக்குத்தான் படிப்பு. கூச்சப்பட்டுப் பின்னால் நின்றால் ஒன்றும் குடிமுழுகாது, பாஸும் பண்ணிவிடலாம், ஆனால் கை பழகாது. ராத்திரி அட்மிஷன் டியூட்டியில் பி.ஜி. அக்கா பின்னாலேயே சுற்றுகிறவர்கள் தேறிவிடுவார்கள்.

செலவு விஷயத்தில் பேச்சே இல்லை. தனியார் கல்லூரிகளில் லட்சங்களில் போகிற கட்டணம் இங்கே ஆயிரங்களில் முடிகிறது. 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதையும் அரசே கட்டிவிடுகிறது. பட்டச் சான்றிதழில் எம்.எம்.சி. பெயரை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: பட்டம் தருவது கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். எண்பதுகளின் கடைசிவரை சென்னைப் பல்கலைக்கழகம் தந்தது.

“அப்போ ஸ்டான்லி?” என்று, வடசென்னையில் இருக்கிற இன்னொரு அரசு மருத்துவக் கல்லூரியைக் கேட்டு, அக்கா மகள் விடவில்லை. ஸ்டான்லிக்காரர்கள் அடிக்க வருவார்கள், அதனால் நியாயமாகவே சொல்கிறேன். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தில் வளர்ந்த ஆஸ்பத்திரி அது. ராயபுரத்துப் பெரியவர்கள் இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். கல்லூரி வந்தது 1938இல். அங்கேயும் ஆஸ்பத்திரிதான் மூத்தது, அங்கேயும் வார்டுதான் வகுப்பு. இரண்டில் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

சேருகிறவர்கள் கொஞ்சம் தெலுங்கு கற்றுக்கொண்டு போங்கள். நெல்லூர், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தினமும் ஆட்கள் வருவார்கள், “நொப்பி எக்கட?” (வலி எங்கே?) என்று கேட்கத் தெரியாவிட்டால் கேஸ் ஷீட் காலியாகவே இருக்கும். அகில இந்திய ஒதுக்கீட்டில் வருகிற வடக்குப் பிள்ளைகளுக்கு இதே பாடு தமிழில். எங்கள் பேட்ச் ராஜஸ்தான்காரன் ஒருவன் வார்டு ஆயாக்களிடம் பேசிப் பேசியே தமிழ் பழகினான். ஃபைனல் இயர் பரீட்சையில் வெளியூர் எக்ஸாமினர் முன்னால் நோயாளியிடம், “இன்னா நைனா, எத்தினி நாளா நோவுது?” என்று ஆரம்பித்தான். ஹிஸ்டரி முழுசாக வந்தது, பாஸும் ஆனான்.