சீன எண்ணா, உள்ளூர் எண்ணா: வெளிநாட்டில் வீசாட்

கனடாவில் குடியேறும் சீனர், செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் பயன்படும் வீசாட் செயலியில் உள்ள தம் கணக்கை +86 எனத் தொடங்கும் சீன எண்ணிலேயே வைத்திருக்கலாம். அல்லது உள்ளூர் எண்ணில் புதிதாகத் தொடங்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், முன்னது 'வெய்சின்' என்ற பெயரில் சீனச் சட்டத்துக்கு உட்பட்டது. பின்னதை நடத்துவது சிங்கப்பூரில் பதிவான நிறுவனம்.

பணம் செலுத்துவதில் சீன எண்ணே மேல். ஊரிலுள்ள வங்கிக் கணக்கோடு அது இணைந்திருப்பதால், பெற்றோரின் மருந்துச் செலவுக்கான தொகையைக் கடல் கடந்திருந்தே அனுப்பிவிடலாம். ஆனால் உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்கே வரும் என்பதால், சிம் அட்டையைக் கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது தணிக்கைதான். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகம் 2016இல் கண்டறிந்தபடி, சீன எண்ணில் பதிவான கணக்கைப் பின்னர் வெளிநாட்டு எண்ணுக்கு மாற்றினாலும் சொல் தணிக்கை அதை விடாமல் தொடர்ந்தது. செய்தி தடுக்கப்பட்டதாக அனுப்பியவருக்கு அறிவிப்புகூட வரவில்லை. உள்ளூர் எண் கணக்கும் முழுக்கத் தப்புவதில்லை: அதில் பகிரப்படும் படங்களும் ஆவணங்களும் ஆராயப்பட்டு, சீனக் கணக்குகளைத் தணிக்கை செய்யப் பயன்படுவதை அதே ஆய்வகம் 2020இல் காட்டியது. ஆகவே பணத்துக்குச் சீன எண்ணைப் பரிந்துரைப்பேன். மனம்விட்டுப் பேசுவதற்கு இரண்டையுமே பரிந்துரைக்க மாட்டேன்.